ஆணைக்குப் பின் வரும் வாக்கியம்: புணே நகரின் இலக்கண வரலாற்றில் ஒரு கிளை

ஆங்கிலத்தில் ஆணை, கோரிக்கை, யோசனை, நிபந்தனை, வற்புறுத்தல் ஆகியவற்றைக் குறிக்கும் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் தனித்து நின்று பொருளை முடிப்பதில்லை. என்ன ஆணை, எதற்கான கோரிக்கை என்று சொல்ல, ‘தட்’ என்ற இணைப்புச்சொல்லும் அதையடுத்து ஒரு முழு வாக்கியமும் வரவேண்டியிருக்கிறது. அந்தச் சார்பு வாக்கியத்தின் வினையோடு ‘ஷுட்’, ‘ஷல்’, ‘மே’, ‘வில்’ போன்ற துணைவினை ஒன்று சேரும். எது சேரும் என்பதைப் பெரும்பாலும் முன்னால் நிற்கும் பெயரே முடிவுசெய்கிறது. ‘தி ஆர்டர் தட் ஹி ஷுட் லீவ்’ என்பது அவன் வெளியேற வேண்டும் என்ற ஆணை. ‘த பாசிபிலிட்டி தட் இட் மே ரெயின்’ என்பது மழை பெய்யலாம் என்ற வாய்ப்பு. ‘த ஹோப் தட் ஷி வில் ரிட்டர்ன்’ என்பது அவள் திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை. ‘உண்மை’ என்று பொருள்படும் ‘ஃபேக்ட்’ முன்னால் நின்றால் ‘ஷுட்’ தேவையில்லை. நடந்ததைச் சொல்லும் சாதாரண வினையே போதும்.

இந்த அமைப்பில் இந்திய மாணவர்கள் இடறும் இடங்கள் இரண்டு. முதலாவது, ‘தட்’ இருவேறு வேலை செய்கிறது. ‘தி ஆர்டர் தட் ஹி பிராட்’ என்றால் அவன் கொண்டுவந்த ஆணை; ‘தி ஆர்டர் தட் ஹி ஷுட் லீவ்’ என்றால் ஆணையின் உள்ளடக்கம். தமிழில் இரண்டும் கலக்க வழியே இல்லை. முன்னது பெயரெச்சம், பின்னது ‘என்ற’ என்னும் சொல்லால் கட்டப்படுகிறது. மராத்தியிலும் அப்படித்தான்: ‘த்யானே ஆணலேலா ஹுகூம்’ ஒன்று, ‘த்யானே நிகூன் ஜாவே அசா ஹுகூம்’ மற்றொன்று. இரண்டாவது இடறல், இங்கே வரும் ‘ஷுட்’ கடமையைச் சொல்வதில்லை. அவன் போவது அவனுடைய கடமை என்று அது கூறவில்லை. போவதை இன்னொருவர் விரும்புகிறார், கேட்கிறார், ஆணையிடுகிறார் என்பதை மட்டுமே காட்டுகிறது. நடந்துமுடிந்த செயல் அல்ல, மனத்தில் கருதப்படும் செயல் என்பதற்கான அடையாளம் அது. பழைய ஆங்கிலத்தில் இந்த வேலையை வினையின் வடிவ மாற்றமே செய்தது. அந்த வடிவங்கள் தேயத் தேய, அவற்றின் இடத்தைத் துணைவினைகள் பிடித்துக்கொண்டன.

இந்த வாக்கிய அமைப்பு இந்திய இலக்கண மரபுகளோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கப்பட்ட நகரங்களில் புணேக்குத் தனி இடம் உண்டு. சம்ஸ்கிருத வியாகரணம், மராத்தி இலக்கணம், ஆங்கில வாக்கியப் பகுப்பு ஆகிய மூன்றும் அங்கே ஒரே வகுப்பறையில், சில சமயம் ஒரே ஆசிரியரிடம், சந்தித்தன.

அதன் தொடக்கம் பேஷ்வாக்களின் கொடையில் இருக்கிறது. சிராவண மாதத்தில் சாஸ்திரிகளுக்குத் தட்சிணை வழங்குவது பேஷ்வா அரசின் வழக்கம். 1818இல் பேஷ்வா ஆட்சி முடிந்த பிறகு, பிரிட்டிஷ் நிர்வாகி மவுண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டன் அந்த நிதியை முற்றிலும் நிறுத்திவிட விரும்பவில்லை. அதில் ஒரு பகுதியைக் கொண்டு 1821 அக்டோபர் 6 அன்று, தக்காண ஆணையர் வில்லியம் சாப்ளின் காலத்தில், விஷ்ராம்பாக் வாடாவில் ஒரு சம்ஸ்கிருதப் பாடசாலை திறக்கப்பட்டது. இரண்டாம் பாஜிராவ் கட்டிய அரண்மனையின் மரத்தூண்களுக்கு நடுவே நியாயமும் வியாகரணமும் தர்மசாஸ்திரமும் சோதிடமும் கற்பிக்கப்பட்டன. 1851இல் அப்பாடசாலை ஆங்கிலப் பள்ளியோடு இணைந்து பூனா கல்லூரி ஆனது; 1864இல் டெக்கான் கல்லூரி என்று பெயர் மாறியது; 1868இல், சர் ஜம்சேட்ஜி ஜீஜீபாயின் நன்கொடையால் எழுந்த எரவாடா கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. பெயரும் இடமும் மாறினாலும், வியாகரணம் பயின்றவர்களும் ஆங்கிலம் பயின்றவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் இடமாக அது நீடித்தது. பிற்காலத்தில் ‘லைட் ஆஃப் ஏஷியா’ எழுதிப் புகழ்பெற்ற எட்வின் ஆர்னால்ட் 1850களின் பிற்பகுதியில் அங்கே முதல்வராக இருந்தார். ஹிதோபதேசத்தை ஆங்கிலத்தில் கொடுத்ததும் அந்த ஆண்டுகளின் பலனே.

பாடசாலையின் வியாகரண மாணவன் ஆங்கிலத்தின் ‘ஷுட்’ வாக்கியத்தைச் சந்திக்கும்போது வெறுங்கையோடு சந்திக்கவில்லை. பாணினியின் அஷ்டாத்தியாயி, மூன்றாம் அத்தியாயத்தின் மூன்றாம் பாதத்தில், இதே சிக்கலை அடுத்தடுத்த சூத்திரங்களில் கையாள்கிறது. 161ஆம் சூத்திரம் லிங் என்னும் வினைவடிவம் வரும் ஆறு பொருள்களை வரிசைப்படுத்துகிறது. கீழ்ப்பட்டவருக்கு இடும் ஏவல் ‘விதி’. மறுத்தால் குற்றமாகும் அழைப்பு ‘நிமந்த்ரணம்’. சிராத்தத்துக்கு அழைப்பது அதற்குக் காட்டப்படும் உதாரணம். வருவதும் வராததும் கேட்பவரின் விருப்பம் என்ற அழைப்பு ‘ஆமந்த்ரணம்’. மதிப்புக்குரிய ஒருவரைப் பணிந்து ஒரு செயலில் ஈடுபடுத்துவது ‘அதீஷ்டம்’. இதைக் கற்கட்டுமா, அதைக் கற்கட்டுமா என்ற ஆலோசனை ‘சம்ப்ரச்னம்’. கடைசியாக ‘பிரார்த்தனம்’, அதாவது வேண்டுதல். நிமந்த்ரணத்துக்கும் ஆமந்த்ரணத்துக்கும் என்ன வேறுபாடு என்று பதஞ்சலி, பாணினியை விளக்கும் தம் மகாபாஷ்யத்தில், நின்று விசாரிக்கிறார்.

இந்தப் பட்டியலை ஆங்கிலத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி கண்ணில் படுகிறது. ஆர்டர், இன்விட்டேஷன், ரிக்வெஸ்ட், பிரேயர் என்று ஆங்கிலம் எந்தப் பெயர்களுக்குப் பின்னால் துணைவினை கேட்கிறதோ, கிட்டத்தட்ட அந்தப் பெயர்களையே பாணினி வினைவிகுதியின் பொருள்களாக அடுக்குகிறார். ஆங்கிலத்தில் சுமை பெயரில் ஏறி, துணைவினையில் எதிரொலிக்கிறது. சம்ஸ்கிருதத்தில் அதே சுமையை வினைவிகுதி ஒன்றே தாங்கிவிடும். தமிழ் இலக்கணம் வியங்கோளுக்கு வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்று பொருள் வகுப்பதும் இதே வழிப்பட்ட சிந்தனைதான். வைதலைத் தனியே எண்ணியது தமிழின் கூர்மை.

சார்பு வாக்கியத்துக்கு இன்னும் நெருக்கமானவை 157, 158ஆம் சூத்திரங்கள். விரும்புதல் என்ற பொருளுள்ள வினை அருகில் இருந்தால், விரும்பப்படும் செயலின் வினை லிங் அல்லது ஏவலுக்குரிய லோட் வடிவம் பெறும் என்கிறது முதலாவது. ‘இச்சாமி பவான் கச்சேத்’ என்றால், தாங்கள் செல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். விரும்புபவரும் செய்பவரும் ஒருவரே என்றால் ‘தும்’ விகுதி கொண்ட எச்சம் வரும் என்கிறது அடுத்தது: ‘கந்தும் இச்சதி’, செல்ல விரும்புகிறான். ஆங்கிலத்தில் ‘டிசையர் டு கோ’ என்பதற்கும் ‘டிசையர் தட் ஹி ஷுட் கோ’ என்பதற்கும் இடையே உள்ள பிரிவு அப்படியே இதுதான். எழுவாய் ஒன்றா, இரண்டா என்பதே தீர்ப்புச் சொல்லும் கேள்வி. இந்த விதியைப் பாணினி சுருக்கமாகவும் தெளிவாகவும் சொல்லியிருந்தார். மழை பெய்யலாம் என்ற வகை வாய்ப்புக்கும் ‘சம்பாவனை’ என்ற பொருளில் லிங் வடிவம் அங்கே இடம் பெறுகிறது.

மராத்தியின் கதை வேறு. ‘த்யானே ஜாவே’ என்பதில் எழுவாய் முதல் வேற்றுமையில் இல்லை. ‘னே’ என்ற உருபு ஏற்று, ‘அவனால்’ என்பது போல நிற்கிறது. வினையோ அஃறிணை ஒருமையில் உறைந்திருக்கிறது. செயப்படுபொருள் வந்தால் வினை அதனோடு இயைகிறது: ‘த்யானே போதீ வாசாவீ’, அவன் சுவடியைப் படிக்க வேண்டும், போதீ பெண்பால் ஆகையால் வாசாவீ. ஆங்கிலத்தையோ தமிழையோ மனத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு இது புதிராகத் தோன்றும். விடை சம்ஸ்கிருதத்தில் கிடைக்கிறது. ‘தேன கந்தவ்யம்’ என்பதில் உள்ள ‘தவ்ய’ விகுதி செயப்பாட்டுத் தன்மையுடையது. செய்பவர் மூன்றாம் வேற்றுமையில் நிற்பார். அந்தத் ‘தவ்ய’ பிராகிருத வழியாகத் தேய்ந்து மராத்தியின் ‘ஆவா, ஆவீ, ஆவே’ ஆனது. ஏவல், அனுமதி, செய்யத் தக்க காலம் என்ற பொருள்களில் இவ்வகை விகுதிகள் வரும் என்று பாணினி 163ஆம் சூத்திரத்தில் சொல்லியிருந்ததன் நேர்வாரிசு, புணேயின் கடைத்தெருவில் இன்றும் புழங்கும் ‘ஜாவே’.

இந்த வடிவம் பெயரோடு சேரும்போது ‘அசா, அசீ, அசே’ என்ற சுட்டு நடுவே வருகிறது. ‘மீ ஜாவே அசீ த்யாசீ இச்சா ஆஹே’: நான் போக வேண்டும் என்பது அவன் விருப்பம். சொல்லுக்குச் சொல் பார்த்தால், நான் போவது, அப்படிப்பட்டது அவன் விருப்பம். தமிழ் ‘என்ற’ என்று சொல்வினையால் கட்டும் இடத்தில் மராத்தி ‘அப்படிப்பட்ட’ என்று சுட்டால் கட்டுகிறது. ஆனால் வினையோடு இணைக்கும்போது மராத்தியும் ‘ம்ஹணூன்’ என்று சொல்வினையையே பயன்படுத்துகிறது. அது தமிழின் ‘என்று’ போன்றதே. மொழிக்குடும்பம் வேறாக இருந்தும் தென்னிந்திய மொழிகளோடு மராத்தி பகிர்ந்துகொள்ளும் பண்புகளில் இது முக்கியமானது. மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பெயரை முதலில் சொல்லி, ‘கீ’ என்ற பாரசீக இணைப்புச்சொல்லை இட்டு, வாக்கியத்தைப் பின்னால் தொடர்வது: ‘த்யாசீ இச்சா அசீ கீ மீ ஜாவே’. பாரசீகம் அரசுமொழியாக இருந்த நூற்றாண்டுகளின் தடம் அது. பெயர் முன்னால், வாக்கியம் பின்னால் என்ற ஆங்கில வரிசைக்கு இதுவே நெருங்கியது என்பதால், மொழிபெயர்ப்பாளர்களுக்கு வாகான பாதையாகவும் ஆனது.

இவ்வளவு செல்வம் கையில் இருந்தும், அச்சில் வந்த தொடக்க கால மராத்தி இலக்கணம் வேறு திசையில் பார்த்தது. தாதோபா பாண்டுரங் தர்கட்கர் 1836இல் பம்பாயில் வெளியிட்ட மராத்தி இலக்கணம், லிண்ட்லி முர்ரேயின் ஆங்கில இலக்கணத்தை முன்மாதிரியாகக் கொண்டது. முர்ரேயின் நூல் 1795இல் வெளிவந்து, ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட நாடுகளிலெல்லாம் பல பதிப்புகள் கண்ட பாடநூல். வினைகளை ஏவல், விருப்பம், நிபந்தனை என்று ‘மூட்’களாகப் பிரிக்கும் அதன் முறை மராத்திக்கும் வந்து சேர்ந்தது. தாதோபாவின் உழைப்பு பெரிது; பம்பாய் மாகாணப் பள்ளிகள் தலைமுறைகளாக அந்நூலில்தான் இலக்கணம் கற்றன. ஆயினும் ‘த்யானே ஜாவே’யின் எழுவாய் ஏன் உருபு ஏற்கிறது என்ற கேள்விக்கு மூட் என்ற அறையில் விடை இல்லை. அதற்குப் பிரயோகம் என்ற இந்தியக் கருத்து தேவைப்பட்டது.

அந்தக் கருத்தை ஆழமாக விசாரித்தவர் புணேயின் கிருஷ்ணசாஸ்திரி சிப்ளூண்கர். 1824இல் பிறந்தவர், விஷ்ராம்பாக் பாடசாலை மரபில் சம்ஸ்கிருதம் கற்று, பின் ஆங்கிலமும் பயின்று, புணே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வரானார். ‘ஷாலாபத்ரக்’ என்ற கல்வி இதழில் மராத்தி இலக்கணம் பற்றித் தொடர்ந்து எழுதினார். தாதோபாவின் நூலை மதித்தபடியே அதன் பகுப்புகளைக் கேள்விக்கு உட்படுத்தினார். வினை எழுவாயோடு இயையும் கர்த்தரி, செயப்படுபொருளோடு இயையும் கர்மணி, இரண்டோடும் இயையாமல் உறைந்து நிற்கும் பாவே ஆகிய பிரயோகங்களை எப்படி வரையறுப்பது என்பது மராத்தி இலக்கண உலகில் நெடுங்காலம் நீடித்த விவாதம். ‘த்யானே ஜாவே’ பாவே பிரயோகத்தின் தெளிவான சான்று. அவருடைய கட்டுரைகள் அவர் மறைந்து 15 ஆண்டுகளுக்குப் பிறகு, 1893இல், நூலாயின. ஆங்கில அச்சில் வார்த்த இலக்கணத்தை மொழியின் இயல்பு கொண்டு திருத்தும் முயற்சிக்கு இந்தக் கட்டுரைகள் இன்றும் நல்ல வழிகாட்டி.

ஆட்சியின் தேவையும் இதே இடத்தில் அழுத்தியது. பாடசாலையை மேற்பார்த்த மேஜர் தாமஸ் கேண்டி, மோல்ஸ்வொர்த்தோடு மராத்தி–ஆங்கில அகராதியில் உழைத்தவர். 1847இல் ஆங்கில–மராத்தி அகராதியை வெளிக்கொணர்ந்தவர். பின்னர் அரசின் மராத்தி மொழிபெயர்ப்பாளர். பாடநூல்களும் அரசு ஆவணங்களும் அவர் கண்பார்வையில் மராத்தி வடிவம் பெற்றன. மராத்தி எழுத்தில் காற்புள்ளி, அரைப்புள்ளி முதலிய நிறுத்தக்குறிகளைப் பரப்பியதும் அவரே. நீண்ட சார்பு வாக்கியங்களை அடுக்கிச் செல்லும் ஆங்கில நடை மராத்திக்குள் வந்தபோது, எங்கே பெயர் முடிகிறது, எங்கே அதன் வாக்கியம் தொடங்குகிறது என்று காட்ட அந்தப் புள்ளிகள் உதவின. மோடி எழுத்தில் சொற்களைக்கூடப் பிரிக்காமல் ஓடவிட்ட பேஷ்வா காலக் கடிதங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் அளவு புரியும்.

1857இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் தோன்றியதும் மெட்ரிகுலேஷன் தேர்வு புணேயின் பள்ளிகளை ஆளத் தொடங்கியது. ஆங்கிலத்திலிருந்து தாய்மொழிக்கும் சம்ஸ்கிருதத்துக்கும், அங்கிருந்து திரும்ப ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்ப்பது மாணவனின் அன்றாட வேலையாயிற்று. அதே காலத்தில் இங்கிலாந்துப் பள்ளிகளில் புதியதொரு பயிற்சி பரவியிருந்தது. கே. எஃப். பெக்கரின் ஜெர்மானிய இலக்கணத்தைத் தழுவி ஜே. டி. மோரல் 1852இல் வெளியிட்ட வாக்கியப் பகுப்பு நூல், சார்பு வாக்கியங்களைப் பெயர் வாக்கியம், உரிவாக்கியம், வினையடை வாக்கியம் என்று பிரித்துக் காட்டியது. ‘தி ஆர்டர் தட் ஹி பிராட்’ உரிவாக்கியம் என்றும் ‘தி ஆர்டர் தட் ஹி ஷுட் லீவ்’ பெயரோடு ஒத்து நிற்கும் பெயர் வாக்கியம் என்றும் மாணவர்கள் கட்டம் போட்டு எழுதக் கற்றார்கள்.

இந்தப் பகுப்பை மராத்திக்குக் கொண்டுவந்தவர் கோபால் கணேஷ் ஆகர்கர். சமூகச் சீர்திருத்தக்காரராகவும் ‘சுதாரக்’ இதழின் ஆசிரியராகவும் அவரை அறிந்தவர்கள் அவருடைய இலக்கண நூலை மறந்துவிடுகிறார்கள். 1888இல் வந்த ‘வாக்யமீமாம்ஸா ஆணி வாக்யாஞ்சே ப்ருதக்கரண்’, வாக்கியத்தை ஆராய்வதும் பிரிப்பதும் என்ற பொருள்பட்ட தலைப்பிலேயே தன் நோக்கத்தைச் சொல்கிறது. சொல்லை அலகாகக் கொண்டிருந்த மராத்தி இலக்கணத்தை வாக்கியத்தை அலகாகக் கொண்டு பார்க்கச் செய்த நூல் அது. தர்க்கம் கற்பித்தவர் என்பதால், எது எதைச் சார்ந்து நிற்கிறது என்ற கேள்வி அவருக்கு இயல்பாகவே பிடித்தமானது. சமூக வாதங்களில் அவர் காட்டிய ஒழுங்குக்கும் இந்த வாக்கியப் பயிற்சிக்கும் உறவு உண்டென்றே கொள்ள வேண்டும்.

ஆகர்கர் பணியாற்றிய கூட்டம் அசாதாரணமானது. 1880 ஜனவரியில் விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர், பால கங்காதர திலகர், மாதவராவ் நாம்ஜோஷி ஆகியோர் நியூ இங்கிலீஷ் ஸ்கூலைத் தொடங்கினார்கள். விஷ்ணுசாஸ்திரி, கிருஷ்ணசாஸ்திரியின் மகன். விரைவிலேயே ஆகர்கரும் வாமன் சிவராம் ஆப்தேயும் சேர்ந்தார்கள். 1884இல் டெக்கான் எஜுகேஷன் சொசைட்டி, 1885இல் ஃபெர்குசன் கல்லூரி. அக்கல்லூரியின் முதல் முதல்வர் ஆப்தே. அவர் டெக்கான் கல்லூரியில் ஃபிரான்ஸ் கீல்ஹார்னிடம் பயின்றவர். கீல்ஹார்ன் 1866 முதல் புணேயில் சம்ஸ்கிருதம் கற்பித்து, உள்ளூர் சாஸ்திரிகளிடம் மரபு வழியில் வியாகரணம் கேட்டு, மகாபாஷ்யத்தின் செம்பதிப்பை 1880க்கும் 1885க்கும் இடையே மூன்று தொகுதிகளாகக் கொடுத்தவர். நிமந்த்ரணத்துக்கும் ஆமந்த்ரணத்துக்கும் இடையிலான பதஞ்சலியின் விசாரணை அந்தப் பதிப்பில்தான் நம்பகமான அச்சு வடிவம் பெற்றது. டெக்கான் கல்லூரியில் 1882 முதல் ராமகிருஷ்ண கோபால் பண்டார்கர் பேராசிரியர். அவர் 1864இல் வெளியிட்ட சம்ஸ்கிருத முதல் பாடநூல், வியாகரணத்தை ஆங்கிலவழி மாணவனுக்கு எளிமையாக்கிய முன்னோடி.

ஆப்தே 1881இல், தம் 23ஆம் வயதில், சம்ஸ்கிருத வாக்கிய அமைப்புக்கான மாணவர் கையேட்டை வெளியிட்டார். பாணினியின் விதிகளை ஆங்கில வாக்கியங்களை மொழிபெயர்க்கும் பயிற்சியோடு இணைத்ததுதான் அதன் தனிச்சிறப்பு. சம்ஸ்கிருதத்துக்கு ஆங்கிலத்தைப் போல முறையான அயற்கூற்று கிடையாது. ஆணையின் உள்ளடக்கத்தைச் சொல்ல, சொன்னவரின் வாய்மொழியையே வைத்து ‘இதி’ என்று முடிப்பதே அதன் இயல்பு: ‘கச்ச இதி ஆதேசஹ’, போ என்ற ஆணை. அவன் போக வேண்டும் என்ற ஆங்கில வாக்கியத்தை எதிர்கொண்ட மாணவன் முதலில் உண்மையில் பேசப்பட்டது என்ன, யார் யாரிடம் எந்தத் தோரணையில் பேசினார் என்று மனத்தில் மீட்டெடுக்க வேண்டும். ஏவலா, அழைப்பா, மன்றாட்டா என்று தெரிந்தால்தான் லோட் வடிவமா, லிங் வடிவமா, தவ்ய விகுதியா என்று தேர்ந்தெடுக்க முடியும். ஆங்கிலத்தின் ஒற்றை ‘ஷுட்’டுக்குள் மடிந்துகிடந்த வேறுபாடுகள் இந்தப் பயிற்சியில் விரிந்தன. மெட்ரிகுலேஷனில் சம்ஸ்கிருதத்துக்கான ஜகந்நாத் சங்கர்சேட் உதவித்தொகையை நியூ இங்கிலீஷ் ஸ்கூல் மாணவர்கள் அடிக்கடி வென்றதில் இந்தக் கற்பித்தலுக்குப் பங்கு உண்டு. 1884இல் ஆங்கில–சம்ஸ்கிருத அகராதி, 1890இல் புகழ்பெற்ற சம்ஸ்கிருத–ஆங்கில அகராதி என்று தொடர்ந்த ஆப்தே, 1892இல் தம் 34ஆம் வயதில் மறைந்தார். அவருடைய கையேடு இன்றும் மறுபதிப்புக் காண்கிறது.

மராத்தியில் இருக்கும் இன்னொரு வேறுபாட்டை இங்கே சொல்ல வேண்டும். கடமையையோ தேவையையோ சொல்ல மராத்தி ‘பாஹிஜே’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது: ‘த்யாலா ஜாயலா பாஹிஜே’, அவன் போயே ஆகவேண்டும். விருப்பத்தின் உள்ளடக்கத்துக்கோ ‘ஜாவே’. அதனால் ஆங்கில ‘ஷுட்’டை மொழிபெயர்க்கும் மராத்தி மாணவன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே தீரவேண்டும், தேர்வில் தவறினால் பொருள் மாறிவிடும். தமிழில் ‘வேண்டும்’ இரண்டையும் சுமக்கிறது. ‘அவன் போக வேண்டும்’ என்பது கடமையா, விருப்பமா என்பதைத் தமிழ் சூழலுக்கு விட்டுவிடுகிறது.

பள்ளிக்கு வெளியே இந்த வாக்கிய அமைப்பு அரசியலின் கருவியாகவும் இருந்தது. 1870இல் தோன்றிய பூனா சார்வஜனிக் சபை, கணேஷ் வாசுதேவ் ஜோஷியும் பின்னர் மகாதேவ கோவிந்த ரானடேயும் வழிநடத்த, ஆட்சியாளர்களுக்கு மனுக்களை அனுப்பியது. ஆங்கில மனுவின் கடைசிப் பகுதிக்குப் ‘பிரேயர்’ என்றே பெயர். அதைத் தொடரும் வாக்கியத்தில் ‘ஷுட்’ வராது; ‘மே’தான் வரும். அரசு இதைச் செய்ய வேண்டும் என்று சொல்ல மனுதாரருக்கு இடமில்லை. அரசு மனமுவந்து செய்யட்டும் என்று வேண்டலாம். பாணினியின் பட்டியலில் விதியும் பிரார்த்தனமும் இரு முனைகளில் நிற்பதைப் போல, ஆங்கிலத்தில் இந்த இரு துணைவினைகளுக்கு இடையே ஆட்சியும் குடிமக்களும் நின்றார்கள். திலகரின் ‘கேசரி’ இதழின் மராத்தி அப்படி மன்றாடவில்லை. 1908இல் திலகர் மீதான ராஜதுரோக வழக்கில், அவருடைய மராத்திக் கட்டுரைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பே விவாதப் பொருளானது. அரசுத் தரப்பு மொழிபெயர்ப்பு மூலத்தின் தொனியைத் திரித்துவிட்டது என்று திலகர் நீதிமன்றத்தில் நெடுநேரம் வாதாடினார். மொழிபெயர்ப்பாளரைத் தாமே குறுக்கு விசாரணை செய்தார். ஒரு சொல்லின் தோரணை மனிதரின் விடுதலையைத் தீர்மானிக்கும் நிலை அது. தீர்ப்பு அவரை ஆறாண்டுக்கு மாண்டலேக்கு அனுப்பியது.

எரவாடா இந்த வரலாற்றில் மீண்டும் வருகிறது. டெக்கான் கல்லூரி இருந்த அதே பகுதியின் மத்திய சிறையில், 1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கர், மதன் மோகன் மாளவியா ஆகியோரோடு தமிழ்நாட்டிலிருந்து இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா, ராஜாஜி ஆகியோரின் பெயர்களும் அதில் உள்ளன. மாகாணச் சட்டமன்றங்களில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 148 இடங்கள், அவற்றில் சென்னை மாகாணத்துக்கு 30. மத்தியச் சட்டமன்றத்தில் பிரிட்டிஷ் இந்தியாவின் பொதுத்தொகுதி இடங்களில் 18 விழுக்காடு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்த ஆவணத்தின் விதிகளைத் தாங்குவது ‘ஷல்’. கோரிக்கையின் உள்ளடக்கத்துக்கு ‘ஷுட்’ வருவது போல, ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்துக்கு ‘ஷல்’ வரும். மறுநாள் பம்பாய் மாநாடு பிறப்பின் காரணமாக எவரும் தீண்டத்தகாதவராகக் கருதப்படக் கூடாது என்று நிறைவேற்றிய தீர்மானமும் ‘ஷல்’லையே கையாண்டது. கேட்பவரின் குரலுக்கும் கட்டுப்பட்டவரின் கையெழுத்துக்கும் இடையே ஆங்கிலம் காட்டும் வேறுபாடு, இந்த இரு துணைவினைகளில் அடங்கியிருந்தது. வாக்குறுதியாக எழுதப்பட்ட ‘ஷல்’ நடைமுறையில் எவ்வளவு காப்பாற்றப்பட்டது என்பது பின்னர் அம்பேத்கரே கடுமையாக எழுப்பிய கேள்வி.

1934இல் மூடப்பட்ட டெக்கான் கல்லூரி, 1939இல் முதுகலை ஆராய்ச்சி நிறுவனமாக மீண்டும் திறக்கப்பட்டது. எஸ். எம். கத்ரேயின் தலைமையில் அது இந்திய மொழியியலின் மையமாக வளர்ந்தது. 1950களின் நடுவில், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு அங்கே நடந்த மொழியியல் கோடைப் பள்ளிகளில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து இளம் ஆய்வாளர்கள் கூடிப் பயின்றார்கள். பழைய வகுப்பறை மாணவனை நோக்கி எது சரி, எது பிழை என்று கேட்டது. புதிய மொழியியல், மக்கள் எப்படிப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள் என்று கேட்டது. அசோக் கேள்கர் 1957இல் மராத்தியர் பேசும் ஆங்கிலத்தின் ஒலிப்பைத் தனி ஆய்வுப்பொருளாக எடுத்தது அந்த மாற்றத்தின் அடையாளம். பூனா பல்கலைக்கழகத்தில் எஸ். டி. ஜோஷி முதலியோர் மகாபாஷ்யத்தையும் அஷ்டாத்தியாயியையும் விரிவான குறிப்புகளுடன் ஆங்கிலத்தில் தந்தது, பாணினியை நவீன தொடரியலின் உரையாடலுக்குள் கொண்டுவந்தது.

இந்திய ஆங்கிலத்தில் இந்த வாக்கிய அமைப்பு எப்படி வாழ்கிறது என்று எண்ணிப் பார்க்க வழிசெய்த கருவி, புணேக்குத் தெற்கே கோலாப்பூரில் உருவானது. சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ். வி. சாஸ்திரி தலைமையில் தொகுக்கப்பட்ட கோலாப்பூர் தரவகம், 1978இல் இந்தியாவில் அச்சான 500 ஆங்கிலப் பனுவல்களிலிருந்து தலா ஏறத்தாழ 2000 சொற்கள் என, சுமார் 10 லட்சம் சொற்களைக் கொண்டது. 1961இன் அமெரிக்க எழுத்தைத் தொகுத்த பிரவுன் தரவகமும் அதே ஆண்டின் பிரிட்டிஷ் எழுத்தைத் தொகுத்த லாப் தரவகமும் அதற்கு முன்மாதிரிகள். அந்த இரண்டையும் ஒப்பிட்டவர்கள் ஒரு தெளிவான பிளவைக் கண்டார்கள். வற்புறுத்தலையும் கோரிக்கையையும் தொடரும் வாக்கியத்தில் பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் ‘ஷுட்’டை விரும்பினார்கள், அமெரிக்கர்கள் துணைவினையே இல்லாமல் ‘தட் ஹி லீவ்’ என்று வெறும் வினையை வைத்தார்கள். துணைவினை இல்லாத வடிவம் இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வலுப்பெற்றது. பின்னர் பிரிட்டனிலும் பரவிவருகிறது.

புணேயின் பள்ளிகள் இந்தப் பிளவில் பிரிட்டிஷ் பக்கம் நின்றவை. நெஸ்ஃபீல்டின் ஆங்கில இலக்கண நூலும், 1930களில் பம்பாயிலிருந்து வந்த ரென், மார்ட்டின் இருவரின் பாடநூலும் கற்பித்த பெயர் வாக்கியப் பயிற்சிகள் தலைமுறைகளாக ‘ஷுட்’டை மாணவர் கையில் பதித்தன. அமெரிக்க வழக்கு அலுவலகக் கடிதங்கள் வழியாகவும் கணினி நிறுவனங்களின் வழியாகவும் நகருக்குள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் கலையவில்லை. சிவாஜிநகர் நீதிமன்றங்களில் இன்று தாக்கலாகும் ஆங்கில மனுக்களின் கடைசிப் பத்தி, சார்வஜனிக் சபையின் காலத்தைப் போலவே, பிரேயர் என்ற தலைப்பின் கீழ் ‘மே’யைத் தாங்கி வருகிறது.